நாலு பத்து சரக்கு வண்டி வந்து சேர்ந்ததா?

ஆட்டர்பி, யார்க்‌ஷயர்
27 ஏப்ரல் 2020, திங்கட்கிழமை

‘சிறு தண்டவாளம்’ மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

பணிவான வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாகவும், ஒருவரிடமிருந்து ஒருவர் இரண்டு மீட்டர் விலகியும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் மூவரும் நலம். ரொட்டி செய்ய மாவுதான் எங்கும் கிடைக்கவில்லை.

என் பெயர் இமோஜன் த்ரெல்ஃபால். வயது பதின்மூன்று. போன ஆண்டு அக்டோபர் இதழின் அட்டையில் மாதிரிப் புல்வெளியில் நின்ற பதினோரு ஆடுகளும் ஒரே திசையில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன, பலத்த காற்றில்தான் ஆடுகள் அப்படி நிற்கும், ஆனால் எஞ்சினின் பஞ்சுப் புகையோ நேராக மேலே போகிறது என்று எழுதியவள் நானே. நீங்கள் அதை வெளியிடவில்லை. எனக்கு வருத்தம் இல்லை. இந்தக் கடிதம் ‘கேள்வி மேடை’ பகுதிக்கு. கேள்வி இதுதான்: ஒரு நிலையத்திலிருந்து புறப்பட்ட வண்டி அடுத்த நிலையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று மணி அடிக்கிறது; ஆனால் அந்த நிலையத்தில் மணி அடிக்க ஒருவரும் இல்லை. அந்த வண்டி வந்து சேர்ந்ததாகக் கொள்ளலாமா?

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். என் அப்பா டெஸ்மண்ட் குளியலறை ஓடு விற்கும் கடையில் வேலை செய்கிறார். மார்ச் மாதம் கடையை மூடிவிட்டதால் கூரைக்கடியில் உள்ள பரணில் இருக்கிறார். அங்கே அவருடைய ஆஷ்கில் சந்திப்பு என்ற மாதிரி ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே எப்போதும் 1957-ஆம் ஆண்டு ஜூன் மாதம்தான். எங்கள் வீடு பதினைந்தாம் எண். அதே வரிசையில் இருபத்தொன்றாம் எண்ணில் கிளெம் ஹார்டகர் இருக்கிறார். ஓய்வு பெற்ற தபால்காரர், உறவில்லை, ஆனால் நான் கிளெம் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பரணில் இருப்பது மெல்பெக் நிலையம். பொதுமுடக்கம் வந்ததும் எங்கள் மாதிரி ரயில் சங்கக் கூட்டம் நின்றது. இருவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக முடியவில்லை. எனவே ஏணி வைத்து வீடுகளின் பின்சுவர் நெடுக, இரண்டு பரண்களின் மின்மணிகளையும் இணைக்கும் கம்பி இழுத்தார்கள். நடுவில் பதினேழில் திருமதி லம் இருக்கிறார்; பத்தொன்பது விற்பனைக்கு வந்து ஒன்றரை ஆண்டாகப் பூட்டிக் கிடக்கிறது. இருவரிடமும் பதினான்கு பெட்டிகள் கொண்ட ஒரே மாதிரி நிலக்கரி வண்டி இருக்கிறது. அப்பா தன் வண்டியைச் சுரங்கப்பாதை வாயில் வழியாக, வானம் வரைந்த பலகைக்குப் பின்னால் அனுப்பி மறைப்பார். ஆறு நிமிடம் கழித்து கிளெம் மாமாவின் வண்டி அவருடைய சுரங்கத்திலிருந்து வெளியே வரும்; அதே வண்டி என்று கணக்கு. இடையில் அந்த வண்டி எங்கே இருக்கிறது என்று நான் ஒருமுறை கேட்டேன். “பத்தொன்பதாம் நம்பர் வீட்டுக்குள்ள போயிட்டிருக்கு”ன்னு அப்பா சிரிக்காமல் சொன்னார்.

நோய் வந்த பிறகு அப்பா இன்னொன்றும் செய்தார். ஆஷ்கில் நடைமேடையில் நின்ற மனிதர்களையெல்லாம் இருபத்தாறு மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி ஒட்டினார். நம் அளவில் அது இரண்டு மீட்டர். மதுக்கடை வாசலில் நின்ற நால்வரைத் தீப்பெட்டிக்குள் போட்டுவிட்டார். 1957-இல் இந்த நோய் இல்லையே என்று நான் எடுத்துச் சொன்னேன். “அவங்களுக்கு வந்தா யாருடி பாத்துக்குவாங்க? அங்க ஆஸ்பத்திரியே நான் கட்டலையே”ன்னு கேட்டார். அம்மா ஜானீன் பலசரக்குப் பேரங்காடியில் பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்பவர், களைத்துப்போய் வந்திருந்தார். “உன் ஒரு அங்குல ஆளுங்க மேல இருக்கற அக்கறை என் மேல இருந்தா அந்த உருளைக்கிழங்கையாவது உரிச்சு வச்சிருப்ப”ன்னார். நான் பரண் சன்னலில் நின்று வெளியே பார்த்தேன். எங்கள் தெருவிலும் ஆள் இல்லை, வண்டி இல்லை, வானத்தில் விமானம் இல்லை. அந்தப் பக்கம் ஒரு ஊர், இந்தப் பக்கம் ஒரு ஊர். ஒரு நொடி எது சிறியது என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

விதி உங்களுக்குத் தெரியும், ஆனாலும் மற்ற வாசகர்களுக்காக எழுதுகிறேன். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். வண்டியின் கடைசிப் பெட்டியில் எரியும் சிவப்பு விளக்கைத் தன் கண்ணால் பார்த்த பிறகே, அடுத்த நிலையத்தார் ‘முழு வண்டியும் வந்துவிட்டது’ என்று மணி அடிக்க வேண்டும்: இரண்டு தட்டு, இடைவெளி, ஒரு தட்டு. அது வராமல் பாதை திறக்காது, வண்டிப் பதிவேட்டில் அந்த வரியையும் மூட முடியாது. வராத வண்டிக்கு வந்ததாக மணி அடிப்பதை விடப் பெரிய குற்றம் ரயில்வேயில் கிடையாது. எங்கள் சங்கத்தில் அதற்குத் தண்டனை, மூன்று மாதம் வண்டியைத் தொடாமல் எல்லோருக்கும் தேநீர் மட்டும் போடுவது. கிளெம் மாமாவின் மணியை யார் வேண்டுமானாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம். இரண்டு தட்டிவிட்டுக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடிப்பார், அப்புறம்தான் அந்த ஒன்று வரும். “மனுசன் வண்டியக் கூட நிறுத்திடுவான், டீய நிறுத்த மாட்டான்” என்பார் அப்பா.

ஏப்ரல் 14, செவ்வாய்க்கிழமை. மாலை நாலு பத்து சரக்கு வண்டி. கிளெம் மாமாவுக்கு ஒரு வாரமாக இருமல், ஆனால் கால அட்டவணையை விடமாட்டேன் என்று பரணேறி உட்கார்ந்திருந்தார். அப்பா வண்டியை அனுப்பினார். அது கிளம்பிவிட்டது என்ற மணிக்கு மாமா பதில் மணி அடித்தார். ஆறு நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. பதினைந்தாவது நிமிடத்தில் தெருவில் ஆம்புலன்ஸ் வந்தது. வெள்ளை உடுப்புக்காரர்கள் அவரைப் பரணிலிருந்து இறக்கி, ஏணியை மடித்து மேலே தள்ளி, பரண் கதவை மூடிவிட்டுப் போனார்கள். அவர் மனைவி நோரீன் அத்தையை வண்டியில் ஏற விடவில்லை. அத்தை கையில் அவருடைய பல்செட்டை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

அன்றிலிருந்து அப்பா மேசையை விட்டு எழவில்லை என்றே சொல்லலாம். சாப்பாடு மேலே போகும், அப்படியே கீழே வரும். ஐந்தாம் நாள் அம்மா படியேறி வந்து வானப் பலகையை ஒரு கையால் விலக்கி, “டெஸ், இதோ இருக்கு பாரு உன் ரயிலு. பதினாலு பெட்டியும் இருக்கு. தூசி கூட படிஞ்சிருக்கு. நீ கீழ வா”ன்னு சொன்னார்.

“அது அங்க இல்ல, ஜானீன். அது லைன்ல இருக்கு.”

“எந்த லைன்ல? லம் அம்மா வீட்டு கழிவறை மேலயா?”

“கிளெம் மணி அடிக்காம நான் பதிவேட்டை மூடிட்டா என்ன அர்த்தம் தெரியுமா? அவன் இனிமே அடிக்க மாட்டான்னு அர்த்தம். நான் மூட மாட்டேன்.”

அம்மா பலகையை மெதுவாகத் திரும்ப வைத்தார். அம்மா இப்படி விட்டுக்கொடுத்ததை நான் அதுவரை பார்த்ததில்லை, எனக்குப் பயமாக இருந்தது. அப்பாவின் கழுத்துப்பட்டை அவருக்குப் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு நாளும் நாலு பத்துக்குச் சுவரில் காதை வைப்பார். நானும் வைத்துப் பார்த்தேன். சுவருக்குள் ஏதோ மிக மெதுவாக ஓடுவது போலத்தான் இருந்தது. தண்ணீர்க் குழாயாக இருக்கலாம். சுரங்க வாயிலில் கை வைத்தால் குளிர்ந்த காற்று வந்தது. அதற்கு நான் காரணம் கண்டுபிடிக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து தினமும் ஆறு மணிக்கு ஒரு தாதி நோரீன் அத்தைக்குப் போன் செய்வார்: மாமா கருவியில் மூச்சு விடுகிறார், தூங்க வைத்திருக்கிறோம், அசைவில்லை.

ஒன்பதாம் நாள், ஏப்ரல் 23, வியாழன், மாலை நாலு முப்பத்தேழுக்கு மணி அடித்தது. நான் அப்போது பரணில் இல்லை; அரசு அனுமதித்த அன்றைய ஒரு நடைக்குப் போயிருந்தேன். ஆனால் அம்மா தேநீர் கொண்டுபோய் அங்கேயே நின்றிருந்தார். “ரெண்டு அடிச்சுது. அப்புறம் நின்னுபோச்சு, டீ குடிக்கற அளவுக்கு. அப்புறம் ஒண்ணு. மூணு, நானே எண்ணினேன், கைல தட்டைப் பிடிச்சுக்கிட்டு”ன்னு சொன்னார். அப்பா பதிவேட்டில் 4.37 என்று எழுதி, பேனாவை மூடி, மேசையில் தலையை வைத்து அழுதாராம். பிறகு கீழே வந்து இரண்டு தட்டு இறைச்சிப் பணியாரமும் முந்தைய நாள் கஞ்சியும் சாப்பிட்டார். அம்மா பாத்திரம் கழுவும்போது, “இந்த வீட்ல ஒரு டீ ஸ்பூன் காணாம போச்சு, யாரும் கவலைப்படல”ன்னு சொன்னார்; அம்மா மறுபடி பழையபடி ஆகிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் என் நடையின்போது நோரீன் அத்தை வீட்டுமுன் நடைபாதையில் நின்று குரல் கொடுத்தேன். மேல் சன்னலைத் திறந்தார்.

“அத்தை, நேத்து நீங்க பரணுக்குப் போனீங்களா?”

“நானா? ரெண்டு முட்டியும் மாத்தி வச்சது, கண்ணு. நான் கட்டில் ஏறவே ஏணி வேணும். அந்தக் கதவு அன்னிக்கு மூடினதுதான். அங்க போறதுக்கு எனக்கு மனசும் இல்ல.”

“புறா ஏதாவது உள்ள போயிருக்குமா?”

“புறாவா? அவரு அஞ்சு வருசமா அந்தக் கூரைல ஒரு ஓட்டை விடல. மழைக்குப் பயமில்ல, தண்டவாளம் துருப்பிடிச்சிடும்னு பயம்.” சன்னலில் கையை ஊன்றிக் குனிந்து சொன்னார்: “நேத்து அந்தத் தாதி சொன்னா. ஒம்போது நாளா அசையாத மனுசன், இடது கை விரலால கட்டில் கம்பில தட்டினாராம். ‘டிங்’னு கேட்டுச்சாம். நேரத்த சீட்டுல எழுதி வச்சிருக்கா. நாலு முப்பத்தேழு.”

“எத்தனை தட்டு?”

“ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. ஏன் கண்ணு, முகம் இப்படி வெளுத்துப்போச்சு? காய்ச்சலா? தள்ளி நில்லு!”

ஐயா, அவர் மூன்று தட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு குழப்பம் வந்திருக்காது. சனிக்கிழமை மாமா கண் திறந்தார். இன்னும் பேசவில்லை. அப்பா எல்லோரிடமும் ‘அவன் அங்கேயிருந்தே வண்டியை வாங்கிட்டான்’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அம்மா கூட மறுப்பதில்லை. எனக்கு விதிப்படி ஒரு பதில் வேண்டும். வண்டி வந்து சேர்ந்ததா, இல்லையா?

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் எல்லாப் பாதைகளும் விரைவில் திறக்கட்டும். கைகளை இருபது நொடி கழுவவும். என் தந்தையார் தங்களுக்குத் தம் மரியாதையைத் தெரிவிப்பார், இந்தக் கடிதத்தைப் பற்றித் தெரிந்தால்.

தங்கள் நெடுநாள் வாசகி,
இமோஜன் த்ரெல்ஃபால்

பின்குறிப்பு: தயவுசெய்து என் கையொப்பம் வரை மட்டும் அச்சிடவும். அப்பா உங்கள் இதழைக் கடைசிப் பக்கத்துப் பசை விளம்பரம் வரை படிப்பவர்.

மணி அடித்தது நான்தான். பத்தொன்பதாம் எண் வீட்டின் பின்முற்றத்தில், தோள் உயரத்தில், அந்தக் கம்பிகளின் இணைப்பு இருக்கிறது. வெறும் கம்பிகள் இரண்டும் ஓர் அங்குல இடைவெளியில் சுவரில் ஆணியடித்து இறுக்கப்பட்டிருக்கின்றன; மேலே சுற்றிய கறுப்பு நாடாவை உரித்துவிட்டு, இரண்டின் மேலும் ஒரு டீ ஸ்பூனை வைத்தால் அப்பாவின் மணி அடிக்கும். அது குற்றம் என்று தெரியும். ஆனால் அப்பா ஒன்பது நாள் சாப்பிடவில்லை. மாமாவின் இடைவெளியைக் கூட வீட்டில் கோப்பை வைத்து எண்ணிப் பழகியிருந்தேன். ஒருமுறை வைத்து எடுத்தேன். இன்னொருமுறை வைத்து எடுத்தேன். இடைவெளிக்காக எண்ணத் தொடங்கியபோது திருமதி லம் பின்கதவைத் திறந்து, “யாருடி அது பூட்டின வீட்ல?” என்று கத்தினார். ஸ்பூன் கல்லில் விழுந்தது. நான் ஓடிவிட்டேன்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். ஸ்பூன் விழுந்த இடத்திலேயே கிடந்தது. கம்பிகள் ஓர் அங்குல இடைவெளியில் அப்படியே இருந்தன. திருமதி லம்மிடம் விசாரித்தேன். அவர் வேலியைத் தாண்டவே இல்லையாம். ஸ்பூனைக் கழுவி அம்மாவின் இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

இரண்டு தட்டு என்னுடையது, அதற்கு எந்தத் தண்டனையும் ஏற்கிறேன்; மூன்று மாதம் தேநீர் போடத் தயார். ஆனால் பதிவேட்டைத் திருத்தி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அந்த ஒன்றை யார் பெயரில் எழுதுவது?