மூலைக் குழியில் கோர்ட்டக்கா

ஆரணியில் யாரையும் அடிக்காமல் எல்லாரையும் விரட்டியவர் ஒருவர்தான். கோர்ட்டக்கா. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். யாரும் பார்த்ததில்லை.

கோர்ட்டு வாசலில் இருபது வருடம் இட்லி விற்றார். வக்கீல்கள் தின்றுகொண்டே பேசுவார்கள். இவர் சட்னி ஊற்றிக்கொண்டே கேட்பார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நம் இடத்துக்குள் நுழைந்தவனை எதுவரை தொடலாம் என்று எங்கள் தெரு அவரைத்தான் கேட்கும். சட்டத்தில் பிரிவு நம்பரெல்லாம் மாறிவிட்டது என்று ஒருமுறை சொன்னேன்.

"நம்பரதான மாத்தினான். அடி அதே அடிதான்" என்றார்.

ஆடு வந்து அவர் கறிவேப்பிலையை மேயும். துடைப்பத்தோடு விரட்டுவார். கேட்டைத் தாண்டியதும் ஓங்கிய துடைப்பம் அப்படியே நின்றுவிடும். "வெளிய போயிட்டா அது வெறும் ஆடு. ரோட்டுல போற ஆட்ட நான் ஏன் அடிக்கணும்?" என்பார்.

ஒரு நாள் பட்டப்பகலில் ஒருவன் அவருடைய முருங்கை மரத்தில் ஏறிவிட்டான். தெருவே கல்லோடு வந்தது.

"கல்லக் கீழ போடுங்க. முருங்கக்காய்க்கு முட்டிய ஒடைச்சா எந்தக் கோர்ட்டும் ஒத்துக்காது."

மேலே பார்த்து, "தம்பி, அந்தக் கெள தாங்காது. ஜல்தி எறங்கு" என்றார். இறங்கினான். இடது கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பிடிக்கலாமாம். போலீஸ் வரும்வரை வலது கையால் இட்லி மாவு ஊற்றினார். அவன் ஒரு ஈடு தின்றுவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குப் போனான்.

இதெல்லாம் வேடிக்கை. என் விஷயம் வேறு.

என் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம். அப்பா வாங்கியது. நெசவுக்கான பட்டு நூலைப் பாவாக நீளமாக இழுத்துக் கட்டி, இழை பிரித்துச் சரி செய்வது அங்கேதான். அந்த இடம் இல்லையென்றால் எனக்குத் தறி இல்லை. போன வருடம் ஒரு காலை, தறியில் இருந்தேன். பின்னால் கடப்பாறைச் சத்தம். போய்ப் பார்த்தால் வெள்ளைச் சட்டை போட்ட புரோக்கர், மூன்று ஆட்கள், கல் தூண்கள், முள்கம்பி. என் சித்தப்பா எழுதிக் கொடுத்துவிட்டார் என்றார் புரோக்கர். சித்தப்பாவுக்கு அதில் பங்கே கிடையாது.

சுவரில் சாய்த்திருந்த படைமரத்தை எடுத்தேன். நெய்த சேலையைச் சுற்றும் கட்டை. தலையில் பட்டால் எழுந்திருக்க முடியாது.

மறுமுனையை யாரோ பிடித்தார்கள். கோர்ட்டக்கா.

"இன்னா பண்ணப் போற?"

"அடிக்கப் போறேன்."

"அவன் உன்ன அடிச்சானா?"

"இல்ல."

"ஓங்கினானா?"

"இல்ல."

"குழிதான நோண்டிகினு கீறான். நீ மண்டைய ஒடைச்சா எடம் அவனுக்கு, ஜெயிலு உனக்கு. போலீசுக்குப் போனப் போடு."

"அவங்க வர்றதுக்குள்ள வேலி முடிஞ்சிடும்க்கா."

"முடியாது. கட்டையக் கீழ ஊனிகினு நில்லு."

நான் போலீசுக்குப் போன் செய்தேன். அக்கா நேராகப் போனார். மூலையில் தோண்டியிருந்த குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்துவிட்டார். மூலைக் கல் இல்லாமல் வேலி திரும்பாது.

புரோக்கர் வந்தார். "எழுந்திரும்மா. உன் எடமா இது?"

"இல்லீங்க. அடுத்தவங்க சொத்தையும் காப்பாத்தலாம்னு சட்டத்துல கீதுங்க. குந்திகினு காப்பாத்தறேன்."

"தூக்கிப் போடுங்கடா இத."

"தூக்குங்க. இதுவரைக்கும் எடத்து மேல கை வெச்சீங்க. என் மேல வெச்சா கத வேற. அப்புறம் அவன் கட்டைக்கு நான் பொறுப்பில்ல."

மூன்று பேரும் என் கட்டையைப் பார்த்தார்கள். பிறகு அக்காவின் கனத்த உடம்பைப் பார்த்தார்கள். யாரும் கிட்டே போகவில்லை.

வெயில் ஏறியது. தோண்டிய ஆள் ஒருவன் தாகம் என்றான். "தண்ணி குடு அவனுக்கு" என்றார் அக்கா. ஒரு கையில் கட்டை, ஒரு கையில் சொம்பு. கொடுத்தேன்.

மூன்று மணிக்குப் போலீஸ் வந்தது.

"யாருக்குக் காயம்?" என்றார் எஸ்.ஐ.

"யாருக்கும் இல்லீங்க" என்றேன்.

"அப்ப இன்னாத்துக்குய்யா கூப்ட்டீங்க? பேஜாரு."

குழியிலிருந்து பதில் வந்தது. "காயம் ஆவறதுக்கு முன்ன வரணும்னுதான் சார்."

எஸ்.ஐ. குழியை எட்டிப் பார்த்தார். என் பத்திரத்தைப் பார்த்தார். பாத்தியதை இருந்தால் கோர்ட்டுக்குப் போ, இப்போது கல்லை வண்டியில் ஏற்று என்று புரோக்கரிடம் சொன்னார். வண்டி போனது. கேஸ் நடக்கிறது. இடம் என் கையில் இருக்கிறது. நான் ஜெயிலுக்கு வெளியே இருக்கிறேன்.

அன்று எல்லாரும் போன பிறகும் அக்கா எழவில்லை. கால் மரத்துவிட்டது.

"கை குடு" என்றார்.

கட்டையைப் போட்டுவிட்டு இரண்டு கையும் கொடுத்தேன். மேலே வந்ததும், "கைய விடு, மண்ணத் தட்டணும்" என்றார். நான் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன்.