மேலதுவின் மறைவு

"மேலது, பக்கம் 12. மேலது, பக்கம் 40. மேலது, பக்கம் 41."

அக்காவின் கட்டுரையைத் திருட்டுத்தனமாகப் புரட்டிக்கொண்டிருந்த தங்கைக்கு வயிறு எரிந்தது. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அடிக்குறிப்பில் இந்த மேலதுதான் உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு அறிஞரை எங்கே பிடித்தாள்? பிடித்தவள் ஒரு வார்த்தை சொன்னாளா?

அக்கா என்றால் பெரியம்மா மகள். பதினோரு நாள் மூத்தவள். ஒரே வீடு, ஒரே வகுப்பு, படிக்கவும் ஒரே மேசை. பதினோரு நாள் முந்திப் பிறந்த தெம்பில் எல்லாவற்றிலும் முந்திக்கொண்டே இருந்தாள். இந்த முறை விடக்கூடாது. தெருவிளக்கின் வரலாற்றைப் பற்றி நல்ல கட்டுரை எழுதுகிறவரைப் பேராசிரியர் தன் ஆய்வு உதவியாளராகச் சேர்த்துக்கொள்ளப் போகிறார். ஒரே ஒருவரைத்தான்.

"அக்கா, இந்த மேலது நல்லா எழுதுவாரா?"

அக்கா அரை நொடி விழித்தாள். "பின்னே? அவர் இல்லாத புத்தகம் உண்டா?"

என்ன திமிர்!

தங்கை நூலகத்துக்கு ஓடினாள். கணினியில் 'மேலது' என்று தட்டினால் ஒரு புத்தகம்கூட வரவில்லை. எல்லாவற்றையும் அக்காதான் எடுத்துப் பதுக்கியிருக்க வேண்டும். நூலகரிடம் கேட்கலாம், கேட்டால் அக்காவின் காதுக்குப் போய்விடும். கேட்கவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அக்கா மேலதுவைப் படிக்கத்தானே செய்தாள்? நாம் நேரிலேயே பார்த்துவிட்டால்?

மளமளவென்று எழுதினாள். 'மேலது என்னிடம் நேரில் கூறியது: தெருவிளக்கு யாரையும் கைவிடுவதில்லை, நாம்தான் அதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.' எழுதியதைப் படித்து அவளே அசந்துபோனாள். மனுஷர் என்னமாய்ப் பேசுகிறார்! இன்னும் எட்டு இடத்தில் அவரைப் பேசவைத்தாள்.

மறுநாள் காலையில் கட்டுரை மேசையில் தலைகீழாகக் கிடந்தது. காற்றாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டாள்.

மதியமே பேராசிரியர் கூப்பிட்டு அனுப்பினார்.

"மேலதுவை நேர்ல பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

"எங்க?"

"அவர் வீட்டுல சார். மாடியில."

"அது சரி, மேலதானே இருப்பாரு. எனக்கும் அவரைப் பாக்கணுமே. நாளைக்குக் கூட்டிட்டுப் போறியா?"

"அவரு... போன வாரம் தவறிட்டாரு சார்."

சொன்னதும் அவளுக்கே கண் கலங்கியது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடப் பாவமே. அவர் போயிட்டா நாங்க அடிக்குறிப்புக்கு எங்கம்மா போவோம்?"

அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து விரித்து அடிக்குறிப்பைக் காட்டினார். "மேலதுன்னா ஆள் இல்லம்மா. மேல சொன்ன அதே புத்தகம்னு அர்த்தம். தடவைக்குத் தடவை முழுப் பேரையும் எழுத வேணாம்னு போடறது."

தங்கைக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"உதவியாளர் வேலை உங்க அக்காவுக்குத்தான். அவ அடிக்குறிப்பு எல்லாம் கச்சிதம். அச்சடிச்ச புத்தகத்துல இருக்கற மாதிரியே இருக்கு."

நேரே நூலகத்துக்குப் போய்க் கடைசி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். புத்தகம் அடுக்க வந்த நூலகர் பதறிப்போய்க் கேட்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"நான்தான் சார் மக்கு. அக்காவுக்கு மேலதுன்னா என்னன்னு தெரிஞ்சிருக்கு. அவளுக்கு எப்பவுமே எல்லாம் தெரியும்."

கையில் இருந்த புத்தகங்களை நூலகர் மெல்லக் கீழே வைத்தார்.

"ஓ, அந்த மேலதுவா? காலையிலதான் உங்க அக்கா இதே மேசையில உக்காந்து அழுதுட்டுப் போச்சு, 'தங்கச்சியை மட்டும் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசியிருக்காரு சார், அவர் அட்ரஸை எனக்கும் குடுங்க'ன்னு!"