தூணும் மூணு விரல் மெலிஞ்சுது

அக்கா விழுந்துட்டா. நான் கத்தறேன். சுத்தி இருக்கறவங்க எல்லாரும் கைதட்டறாங்க.

சத்தியமா கைதட்டினாங்க. ஒருத்தரும் தண்ணி எடுத்துட்டு வரல. மைக்ல மட்டும் ஒரு குரல்: "இறங்கிருச்சு! இறங்கிருச்சு! இவ உடம்புல இருந்து பாரம் கிளம்பிருச்சு! யாரும் தொடாதீங்க, அந்தப் பாரம் உங்க மேல ஏறிடும்!"

அவ்ளோதான். பக்கத்துல இருந்தவங்க எல்லாம் பையைத் தூக்கிக்கிட்டு பின்னால நகந்துட்டாங்க. யார் வீட்டுக் கிலோவோ தன் மேல வந்து ஒட்டிக்குமோன்னு பயம்.

நான் அக்கா கன்னத்தைத் தட்டறேன். கண்ணு மேல சொருகியிருக்கு. உதடு வெளுத்துக் கிடக்கு. இடுப்புல மஞ்சக் கயிறு. "அக்கா, அக்கா"ன்னு நான் கூப்பிடறது எனக்கே கேக்கல, அவ்ளோ கைதட்டல்.

எங்கன்னு சொல்லவே இல்லையே. இருங்க, ஒழுங்காச் சொல்றேன்.

சோபாக் கடையோட குடோனுக்கு மேல ஒரு பெரிய ஹால். அங்கதான் கொடியிடைத் தாய் இருக்காங்க. சனிக்கிழமை சாயங்காலம் போனீங்கன்னா படிக்கட்டுல கால் வைக்க இடம் இருக்காது. டீச்சர், டைப்பிஸ்ட், பிள்ளை பெத்து இளைக்காதவங்க, கல்யாணம் ஆகறதுக்குள்ள இளைக்கணும்ங்கறவங்க, டாக்டருக்குப் படிக்கற ஒரு பொண்ணுகூட. படிப்பெல்லாம் செருப்போட சேத்து வெளியவே விட்டுட்டு வரணும் போல.

மேடையில தங்கக் கலர் அடிச்ச ஒரு மரச்சட்டம் நிக்கும். கதவு இல்லாத வாசல் மாதிரி. பேரே தங்க வாசல்தான். ரெண்டு பக்கமும் உரசாம, மேலயும் இடிக்காம யார் நுழைஞ்சு போறாங்களோ அவங்கதான் முழுமையான பொண்ணாம். இதுவரைக்கும் ஒருத்தரும் போனதில்ல. ஏன்னு யாரும் கேட்டதுமில்ல. தாய் மட்டும் தினம் பின்பக்கக் கதவு வழியா வருவாங்க. அதையும் யாரும் கேக்கல. கேள்வி கேக்க அங்க கியூ கிடையாதுங்க. கயிறு வாங்கத்தான் கியூ.

கயிறு ரெண்டு தினுசு. குண்டா இருந்தா மஞ்சக் கயிறு. அதை மந்திரத் தண்ணி அண்டாவுல முக்கி, சொட்டச் சொட்ட இறுக்கிக் கட்டணும். தியானம் முடிஞ்சதும் ஒரு தடவை, மறுநாள் காலையில குளிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, உள்ள விரல் விட்டுப் பாக்கணும். ஒரு விரல் போனா ஒரு விரல் மெலிஞ்சாச்சு. ஒல்லியா இருந்தா சிவப்புக் கயிறு. அதைக் காஞ்ச கயிறா கட்டணும். குளிச்ச உடனே, துவட்டறதுக்கு முன்னாடி பாக்கணும். இறுகியிருந்தா சதை போட்டாச்சு. வாரா வாரம் புதுக் கயிறு வாங்கணும், பழசுல சக்தி தீந்துடுமாம். எடை மெஷின் பக்கமே போகக் கூடாது. சாப்பாடு மூணு விரல்ல அள்ளற அளவுதான். கயிறை அறுத்தா, அறுத்தவங்க உடம்பு அண்டா மாதிரி வீங்கிடும்.

அக்காவுக்கு மஞ்சள். எனக்குச் சிவப்பு.

அக்கா துணிக்கடையில பொம்மைக்கு டிரஸ் மாட்டற வேலை பாக்கறா. மூணு மாசம் முன்னாடி மேனேஜர் சொல்லியிருக்கான், "நீ இனிமே உள்ள மடிச்சு வைக்கற வேலையப் பாரும்மா. பொம்மை பக்கத்துல நீ நின்னா டிரஸ் எடுபட மாட்டேங்குது." அந்தப் பொம்மைக்கே எந்த டிரஸ்ஸும் சேராதுங்க! முதுகுப் பக்கம் பூரா கிளிப் போட்டுத்தான் இழுத்து நிறுத்துவாங்க. அந்தக் கிளிப் எல்லாம் மாட்டினதே அக்காதான். அப்படியிருந்தும் அன்னைக்கு ராத்திரி அழுதா.

நான் ஹை ஜம்ப். எங்க டீம்ல என் பேரு ஏணி. "காத்தடிச்சா பறந்துடுவா", "இதுக்கு முன்னால எது, பின்னால எது"ன்னு சொந்தக்காரங்க கேட்டுக் கேட்டு, நானும் கயிறு கட்டிக்கிட்டேன். ஒரே வீட்டுல ஒருத்திக்கு அதிகமாம், ஒருத்திக்குப் பத்தலையாம். சரியான அளவு யார்கிட்டதான் இருக்கு? அந்த மரச்சட்டத்துகிட்டதான்.

அக்கா விழுந்த அன்னைக்கு என் கூட டேங்கரும் வந்திருந்தா. டேங்கர் எங்க டீம்ல குண்டு எறியறவ. தோள் பாத்தீங்கன்னா பீரோ மாதிரி இருக்கும். அவளைப் பாத்ததும் மைக் பிடிச்சிருந்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. "இந்த மாதிரிக் கேஸுக்காகத்தான் தாய் வந்திருக்காங்க!"

"நான் கேஸ் இல்லக்கா. போன வருஷம் வெள்ளி வாங்கினேன்."

"மெலிஞ்சா தங்கமே கிடைக்கும்மா!"

"மெலிஞ்சா அந்தக் குண்டு என் கால் மேலதான் விழும்."

அக்கா விழுந்ததும் டேங்கர் கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு வந்தா. அலேக்கா தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டா.

"தொடாத! பாரம் ஏறிடும்!"

"ஏறட்டும்கா. பாரம் தூக்கறதுதான் எனக்கு வேலை."

கிளினிக்ல நர்ஸ் கத்தரியை எடுத்தாங்க. நான் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். "வேணாம் சிஸ்டர், அறுத்தா நீங்க வீங்கிடுவீங்க!" சிரிக்காதீங்க, அப்ப நான் அதை நெசமாவே நம்பினேன்.

"இந்த மாசம் நிறைய அறுத்தாச்சு பாப்பா. அதே யூனிஃபார்ம்தான் போட்டுக்கிட்டிருக்கேன்"னு சொல்லிட்டு, முடிச்சு கிட்ட நறுக்குனு வெட்டிட்டாங்க.

டிரிப்ஸ் ஏறி அக்கா கண்ணைத் திறந்தா. தண்ணி கேக்கல. நான் யாருன்னுகூடப் பாக்கல. "கயிறு எங்க?"ன்னா. அடுத்த சனிக்கிழமை திரும்பவும் போகணும்னா. இன்னொரு தடவை விழுந்தா எழுந்திரிப்பாளான்னு தெரியாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. அதை அக்காகிட்டயே சொன்னாங்க. அவ தலையாட்டிக்கிட்டே இடுப்பைத் தடவிப் பாத்துக்கிட்டா.

வெட்டின கயிறு டேங்கர் பாக்கெட்ல இருந்துச்சு. மறுநாள் பிராக்டிஸ்ல அதை எடுத்து முறுக்கிக்கிட்டே இருந்தா. "ஏய் ஏணி, இது வெறும் பருத்திக் கயிறுடி. வாலிபால் நெட்டுக்குக் கட்டுவோமே, அந்த ஜாதி."

வெயிட் தூக்கற டப்பாவும் வந்தா. குட்டையா, தொடை ரெண்டும் தூண் மாதிரி இருப்பா. நெட் கட்டறது அவ வேலை. "மழையில நனைஞ்சா விறைச்சுக்கும். வெயில்ல காஞ்சா தொங்கிடும். இந்தச் சனியனோட நான் படாத பாடு படறேன்."

டேங்கர் என்னைப் பாத்தா. நான் அவளைப் பாத்தேன்.

குழாய்ல கயிறை நனைச்சு நெட் கம்பத்துல இறுக்கிக் கட்டினோம். வெட்டினதுல கொஞ்சம் குட்டைதான், ஆனா கம்பத்தோட இடுப்புக்கு அதுவே தாராளம். பிராக்டிஸ் முடிஞ்சு வந்து பாத்தா வெயில்ல காஞ்சு, உள்ள விரல் போகுது. "கம்பம் இளைச்சிருச்சுடி!"ன்னா டப்பா. டேங்கர் வாட்டர் பாட்டிலைக் கவுத்து ஊத்தினா. கொஞ்ச நேரத்துல கயிறு கம்பத்தைக் கவ்விக்கிச்சு. "பாரு, மறுபடி சதை போட்டிருச்சு. எல்லாம் ராத்திரிச் சாப்பாடு."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. குளிச்ச உடனே பாருன்னாங்களே! ரெண்டு வாரமா தண்ணியில ஊறின கயிறு இறுகினதைத்தான் நான் சதைன்னு நெனச்சுச் சந்தோஷப்பட்டிருக்கேன்.

லாங் டிஸ்டன்ஸ் ஓடறவ ஷூ லேஸ் கட்டிக்கிட்டே கேட்டா, "நம்ம நாலு பேர்ல அந்த வாசல்ல யாரு நுழைவா?" நான் தலை இடிப்பேன். டேங்கருக்குத் தோள் இடிக்கும். டப்பாவுக்குத் தொடை. ஓடறவ நுழைவா, ஆனா அவளுக்கு "பத்தாது"ன்னு சிவப்புக் கயிறு கொடுத்துடுவாங்க. "அதுல நுழைஞ்சு அந்தப் பக்கம் என்னடி இருக்கு?"ன்னா டேங்கர். நான் யோசிச்சேன். பின்னால சுவர்தான்.

சனிக்கிழமை அக்காவைத் தடுக்க முடியல. நானும் டேங்கரும் டப்பாவும் கூடவே போனோம்.

டேங்கர் பக்தியாக் கியூல நின்னு மஞ்சக் கயிறு வாங்கினா. மைக் அம்மாவுக்குப் பூரிப்பு தாங்கல. எல்லாரும் அண்டாவுல முக்கிக் கட்டிக்கிட்டாங்க. அப்புறம் தியானம். கண்ணைத் திறக்கக் கூடாது. தலைக்கு மேல வரிசையா ஃபேன் ஓடுது, முழு வேகத்துல. இத்தனை நாள் அது நமக்குக் காத்து வாங்கத்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். டேங்கர் ஹால் நடுத் தூணுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தா. எல்லாரும் கண்ணை மூடினதும் என்ன செஞ்சான்னு நான் மட்டும்தான் பாத்தேன்.

ரொம்ப நேரம் கழிச்சு மணி அடிச்சாங்க. "விரலை விட்டுப் பாருங்க!"

"ஒரு விரல்!" "எனக்கு ஒண்ணரை!" கைதட்டல். அக்காவும் மெதுவா, "ரெண்டு"ன்னா. அவ முகத்துல அந்தச் சந்தோஷத்தைப் பாத்து எனக்கு அழுகையே வந்திருச்சு.

டேங்கர் குரல் கொடுத்தா. "தாயே! இங்க மூணு விரல் தாயே!"

தாய் மைக்கைப் பிடுங்கிட்டாங்க. "பாத்தீங்களா! முதல் நாளே மூணு விரல்! நம்பிக்கைன்னா இதுதான்! எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத மனசு! எல்லாரும் அந்தப் பொண்ணைப் பாத்துக் கத்துக்கங்க!"

ஹாலே அதிருது. டேங்கர் எழுந்து நகந்து நின்னா. கயிறு தூண்ல தொங்கிட்டு இருந்துச்சு.

"பொண்ணு இல்ல தாயே, தூணு. ஆனா நீங்க சொன்னது சரிதான். இதுக்கு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது."

கைதட்டின கையெல்லாம் பாதியில நின்னுச்சு. ஃபேன் சத்தம் மட்டும்.

மைக் அம்மாதான் முதல்ல சுதாரிச்சாங்க. "பாருங்க! கல்லுத் தூணையே மெலிய வச்சிருச்சு நம்ம தாயோட சக்தி!" நம்ப மாட்டீங்க, நாலஞ்சு பேர் அதுக்கும் கைதட்டினாங்க!

"அப்ப கொஞ்ச நேரத்துல கட்டடம் இடிஞ்சு விழும், எல்லாரும் ஓடுங்க"ன்னு சொல்லிட்டு டேங்கர் பாட்டில் தண்ணியை ஊத்தினா. "இருங்க இருங்க, பயப்படாதீங்க. தூண் சதை போடுது."

டாக்டருக்குப் படிக்கற பொண்ணு வந்து விரலை விட்டுப் பாத்தா. கயிறு கவ்விக்கிட்டிருந்துச்சு. தன்னோட கயிறைப் பாத்தா. அவுத்துக் கீழ போட்டா. அப்புறம் டைப்பிஸ்ட். அப்புறம் டீச்சர். தாய் பின்கதவுக்கு ஓடினாங்க. அங்க டப்பா நின்னுக்கிட்டிருந்தா, சும்மாதான், அவ நின்னாலே கதவு அடைஞ்சிடும். திரும்பின தாய் அவசரத்துல அந்தத் தங்க வாசல் வழியாவே மேடையை விட்டு இறங்கப் பாத்தாங்க. பாதியில சிக்கிட்டாங்க.

ஒருத்தி சிரிச்சா. டேங்கர் அவளை முறைச்சா. "சிரிக்காதக்கா. அவங்க உடம்புல ஒரு குறையும் இல்ல. சட்டம்தான் கோளாறு." போய், கல்யாண மாலையைக் கழட்டற மாதிரி அந்தச் சட்டத்தைத் தாய் தலைக்கு மேல தூக்கிக் கழட்டினா. வெறும் பிளைவுட். ஆணி மட்டும் நல்லா அடிச்சிருந்தாங்க.

தூணைப் பாத்துக் கைதட்டின கூட்டம்ங்க நாம. கையைத் தட்டறதுக்கு முன்னாடி எதுக்குத் தட்டறோம்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கண்ணைத் திறந்து பாத்திருந்தா என்னவாம்?

இதோட முடிஞ்சிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன். இந்நேரத்துக்கு உங்ககிட்டப் புலம்பிக்கிட்டிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குத் தட்டுல சாதம் போட்டுக் கொடுத்தேன். அவ கட்டில்ல உக்காந்து தட்டையே பாத்துக்கிட்டிருந்தா. மூணு விரலால கொஞ்சமா அள்ளினா. திருப்பித் தட்டுலயே போட்டுட்டா.

"கயிறு பொய்தான்டி. அது புரியுது. நான் ஒண்ணும் முட்டாள் இல்ல."

"அப்ப சாப்பிடு."

"சாப்பிடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லு." எழுந்து லைட்டுக்கு நேரா திரும்பி நின்னா. தோள் எலும்பு சட்டைக்கு மேல முட்டிக்கிட்டு நிக்குது. "நான் இப்ப முன்ன விட ஒல்லியாத் தெரியறேன் இல்ல?"

ஆமான்னு சொன்னா, பட்டினிக்குப் பலன் இருக்குன்னு தொடருவா. இல்லைன்னு சொன்னா, பத்தலைன்னு தொடருவா. சாதம் ஆறிக்கிட்டிருக்கு. அவ இன்னும் லைட்டுக்கு நேராதான் நிக்கறா, என் முகத்தையே பாத்துக்கிட்டு.

நான் என்ன சொன்னா அவ சாப்பிடுவா?