பதினான்கு விமானங்களும் குடிக்காத காப்பியும்

"நாற்பது!" என்று அலெக்சாண்டிரியாவிலிருந்து வக்தி கத்தினார். "வினாடிக்கு நாற்பது கேபி, யா பாஷா! எங்க வீட்டுக் குழாய்ல தண்ணி இதைவிட வேகமா வரும். தண்ணி வராத நாள்லகூட!"

"எனக்குத் தொண்ணூறு," என்றார் டூனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்து மோன்ஸெஃப், தங்கப் பதக்கம் வாங்கியவர் குரலில்.

"தொண்ணூறா? புளுகாதே. எனக்கே வராதது உனக்கு எப்படி வரும்? நடுவுல முழு லிபியா கிடக்கே!"

"எங்களுக்குக் காத்து பின்னாலேர்ந்து தள்ளுது, வக்தி."

அம்மான் நகரில், லுவைப்தே மேட்டுக் குடியிருப்பு ஒன்றின் நான்காம் மாடியில், கைப்பேசியைப் பிடித்தபடி நின்ற அபூ கினான் தலையில் கை வைத்துக்கொண்டார். முப்பத்தோரு வருடம் விமான நிலையக் கோபுரத்தில் உட்கார்ந்து வானத்தையே வரிசையில் நிற்கவைத்த தலை அது. ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் ஒரு செருப்புகூட அவர் சொன்ன வரிசையில் நிற்பதில்லை. அந்த ஏக்கத்தில் மூன்று வருடம் ராப்பகலாகக் கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு வரைபடம் செய்திருந்தார். அசைகிற வரைபடம். நாற்பத்தெட்டு ஜிபி.

லேசுப்பட்ட படமா அது? முப்பத்து நான்கு வருடத்துக்கு முன் அம்மானைப் புழுதிப் புயல் விழுங்கிய ஒரு நாள், நிமிஷத்துக்கு நிமிஷம் அப்படியே ஓடும். தெற்கேயிருந்து பழுப்பு மேகம் தவழ்ந்து வரும். புழுதியின் ஒவ்வொரு துகளுக்கும் தனித்தனி நிறம். நடுவில் பதினான்கு விமானங்கள் மின்மினிகளாக, வாலில் எண்ணோடு, அடுக்கடுக்காக வட்டமடித்து ஒவ்வொன்றாய் இறங்கும். அந்தப் படம் உருவானபோது கணினியின் விசிறி போட்ட இரைச்சலில், எதிர்வீட்டு மொட்டைமாடிப் புறாக்கள் அத்தனையும் பக்கத்து மேட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

எல்லாம் வக்தியின் வாயை அடைக்கத்தான். அந்த நாளில் அம்மான் கோபுரம் பயந்து நடுங்கிப் பாதி விமானங்களைத் தன் அலெக்சாண்டிரியாக் கோபுரத்தின் பக்கம் தள்ளிவிட்டதாகவும், தானே அவற்றைக் காப்பாற்றியதாகவும் வக்தி முப்பத்து நான்கு வருடமாகச் சொல்லித் திரிகிறார். இன்று வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு, ஓய்வுபெற்ற விமானக் கட்டுப்பாட்டாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், காணொளியில். அதற்குள் வரைபடம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தால், எல்லோரும் ஒன்றாகத் திறந்து பார்ப்பார்கள். சங்க மலரில் அபூ கினானின் கதை ஏறும். சேராவிட்டால், வக்தி பேனாவால் கிறுக்கிய காகிதப் படம் ஏறும். அதில் அம்மான் ஒரு புள்ளி. அலெக்சாண்டிரியா ஒரு சூரியன்.

மணி இரண்டு.

"கினான்!"

மகன் கினான் அறையிலிருந்து வந்தான். இருபத்தொன்பது வயது, கணினி வேலை. நேற்றுக் காலை படத்தை எல்லோரும் தங்கள் கணினிக்கு இழுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்து கொடுத்தவன் அவன்தான். அபூ கினானுக்கு வானம் தெரியும், இணையம் தெரியாது.

"நாற்பதுங்கிறான்டா! இந்தக் கணக்குல எத்தனை நாள் ஆகும்?"

"பதினாலு நாள், பாபா."

"கூட்டம் நாலு மணி நேரத்துல!"

"படம் நம்ம வீட்டுக் கணினியில இருக்கு. நம்ம லைன் வழியாத்தான் அவங்க இழுக்கணும். கட்டடம் முழுக்க அதே ஒரு லைன்தான், வேற யாரோ இழுக்கறாங்க. பாபா, அது இருக்கட்டும், உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"எத்தனை தடவை சொல்றது? படம் போகட்டும், அப்புறம் பேசு. யாரு இழுக்கறது?"

முதல் சந்தேகம் வீட்டுக்குள்ளேயே விழுந்தது. மனைவி உம் கினான் அடுக்களையில், கைப்பேசியில் தங்கையின் முகத்தைப் பார்த்துப் பேசியபடியே, மக்லூபாப் பானையைத் தாம்பாளத்தில் கவிழ்க்கத் தயாராக நின்றாள். சோறும் கத்தரிக்காயும் கோழியும் கோபுரமாக நிற்கவேண்டிய தருணம் அது.

"நிறுத்து!" என்று உள்ளே பாய்ந்தார் அபூ கினான்.

பானை திடுக்கிட்டது. கோபுரம் தாம்பாளத்தில் நிற்கவில்லை. தரையில் நின்றது, அதுவும் அரை வினாடிதான்.

"பதினாலு விமானத்தை இறக்கினீங்களாமே," என்றாள் உம் கினான், கத்தரிக்காயைப் பார்த்தபடி. "ஒரு கோழியை ஒழுங்கா இறக்க விடலையே!"

"உன் தங்கை மூஞ்சி எத்தனை கேபி தெரியுமா?"

"அவ காதுல விழுந்தாச்சு. நல்லா இருங்க."

அபூ கினான் அவள் கைப்பேசியை அணைத்துவிட்டு ஓடிவந்து கேட்டார். "இப்போ எப்படி, வக்தி?"

"முப்பது."

"குறைஞ்சுடுச்சா?"

"யா பாஷா, உன் பெட்டி எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கு?"

"எந்தப் பெட்டி? இணையப் பெட்டியா? சுவத்தைப் பார்த்து."

"பின்னே எப்படி வரும்? எகிப்து எந்தத் திசை? நல்லா உயரமா, மேற்கே பார்த்து வை."

அபூ கினான் மூன்று நீட்டிப்புக் கம்பிகளைக் கோத்து, பெட்டியைப் பிள்ளைபோல் இடுப்பில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி ஏறினார். தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் மேற்கு நோக்கி வைத்தார். வெயிலில் பெட்டி கொதித்தது. தன் சிவப்புக் கட்டத் தலைத்துணியைக் கழற்றி அதற்குப் போர்த்தினார். தொட்டிமேல் குட்டி ஷேக் ஒருவர் அமர்ந்து எகிப்தை ஆள்வதுபோல் இருந்தது. தெருவில் எரிவாயு வண்டிக்காரன் அதற்கு ஸலாம் சொன்னதாக லுவைப்தேயில் இன்றைக்கும் சாட்சி உண்டு.

"எனக்குப் பதினெட்டு!" என்று அலறினார் மோன்ஸெஃப். "தொண்ணூறு இருந்தது, பதினெட்டாப் போச்சு!"

"நீயும் மேற்கேதானே இருக்கே?"

"இருக்கேன். நடுவுல வக்தி மறைக்கிறார்."

"நான் ஒல்லிதான்," என்றார் வக்தி. "எனக்குப் பன்னிரண்டு."

நாற்பத்தாறு நாள். அபூ கினான் கணக்குப் போட்டுவிட்டுத் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துவிட்டார். சூரியனாக வரையப்பட்ட அலெக்சாண்டிரியா அவர் கண்ணுக்குள் தகதகத்தது.

மணி நாலரைக்குக் கினான் மாடிக்கு ஓடிவந்தான்.

"கண்டுபிடிச்சுட்டேன், பாபா. மூணாவது மாடி. ஹாஜ் மிஃப்லெஹ் வீடு. அவர் தம்பிங்க பத்துப் பேர் வந்திருக்காங்க. பத்துக் கைப்பேசியும் நம்ம லைனைத்தான் உறிஞ்சுது."

"இப்பவே போய் அணைக்கச் சொல்றேன்!"

"கரக் ஊர்க்காரங்க, பாபா. வாசல்ல நின்னு கேட்டா 'இன்ஷா அல்லாஹ்'ம்பார். அதோட சரி. முறையாக் கேக்கணும். காப்பி கொடுப்பார். வாங்கி முன்னாடி வெச்சிடுங்க, குடிக்காதீங்க. 'குடிங்க, வந்த காரியம் முடிஞ்சது'ன்னு அவர் வாயால சொல்லணும். சொல்லிட்டா, வானமே இடிஞ்சாலும் பேச்சு மாற மாட்டார்."

அபூ கினானுக்கு அது தெரியாத வழக்கமா? கொலைப் பழியைத் தீர்க்க, நிலத் தகராற்றை முடிக்க, பெண் கேட்க என்று பெரிய காரியங்களுக்குத்தான் காப்பியைக் குடிக்காமல் வைப்பார்கள். அவருக்கு இன்று இதைவிடப் பெரிய காரியம் எது?

ஆறு மணிக் கூட்டத்துக்கென்று எடுத்து வைத்த கோபுரத்தில் அணிந்த பழைய கோட்டை மாட்டினார். பொத்தான் போடும்போதே உம் கினான் பூவேலைப்பாட்டு அங்கியும் தங்க வளையலுமாக வந்து நின்றாள், கையில் இரண்டு கிலோ குனாஃபா இனிப்பு.

"நீ எங்கே கிளம்பிட்டே?"

"வெறுங்கையோட ஒரு வீட்டுக்குப் போவாங்களா? உங்களைத் தனியா அனுப்பினா அங்கேயும் ஏதாவது பானையைக் கவிழ்ப்பீங்க."

அவள் தயாரான வேகத்தில் இணையம் வந்திருந்தால் படம் நிலாவுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். படியில் இறங்கினால், உம் கினானின் அண்ணன் அபூ ஷாமில் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக மூச்சு வாங்க ஏறி வந்தார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன், மச்சான்," என்றார். அவர் இருப்பது ஸர்காவில். சும்மா இந்தப் பக்கம் வர ஒரு மணி நேரம் ஆகும். ஆள் பலம் நல்லதுதான் என்று அபூ கினான் அவரையும் இழுத்துக்கொண்டார்.

மூன்றாம் மாடிக் கூடத்தில் ஹாஜ் மிஃப்லெஹ் நடுவில் அமர்ந்திருந்தார். ராணுவத்தில் இருந்தவர். மீசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு டாக்சியில்தான் போகவேண்டும். இரு பக்கமும் பத்துத் தம்பிகள், பத்து மீசைகள். அபூ கினான் மீசைகளை எண்ணவில்லை, கைப்பேசிகளை எண்ணினார். பத்து. சரியாக இருந்தது.

ஹாஜ் மிஃப்லெஹ் தம் கையாலேயே கசப்புக் காப்பியை ஊற்றி நீட்டினார். அபூ கினான் வாங்கி, எதிரே மேசையில் வைத்தார். குடிக்கவில்லை.

பத்து மீசைகளும் கோப்பையின் பக்கம் திரும்பின. ஏலக்காய் மணம்கூடக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டது.

ஹாஜ் மிஃப்லெஹ் கோப்பையைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். குனாஃபாவை, வளையலை, ஸர்காவிலிருந்து வந்த கழுத்துப்பட்டையைப் பார்த்தார். அபூ கினான் தொண்டையைக் கனைத்து, "ஹாஜ், நாங்க வந்தது எதுக்குன்னா..." என்று ஆரம்பிக்கும் முன்பே அவர் கையை உயர்த்தினார். மீசை நடுங்கியது.

"குடிங்க, அபூ கினான். நீங்க வந்த காரியம் முடிஞ்சது."

என்ன மனுஷன்! கேட்கக்கூட விடவில்லையே! அபூ கினான் ஒரே மடக்கில் குடித்தார். அடுத்த கணம் உள்ளேயிருந்து பெண்களின் குலவைச் சத்தம் ஜன்னல் கண்ணாடிகளை உலுக்கியது.

"கைப்பேசியை அணைக்கிறதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று மனைவியின் காதில் கேட்டார். அவள் கூரையைப் பார்த்தாள்.

நன்றி சொல்லாமல் இருக்கலாமா? எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். "உங்க பெருந்தன்மையை மறக்க மாட்டேன், ஹாஜ். ரொம்ப நேரமெல்லாம் வேண்டாம். இன்னிக்கு ராத்திரி எட்டு மணி வரைக்கும் போதும். அப்புறம் பழையபடி நீங்களே வெச்சுக்கலாம்."

குலவை பாதியில் அறுந்தது. பத்து மீசைகள் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன.

"என்ன சொன்னீங்க?" என்றார் ஹாஜ் மிஃப்லெஹ், மெதுவாக.

அபூ ஷாமில் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கினார். உம் கினானின் குதிகால் கணவரின் பெருவிரல்மேல் முழு எடையோடு இறங்கியது.

"எட்டு மணி வரைக்கும் இங்கே இருந்து சாப்பிட்டுட்டுப் போறோம்னு சொல்றார், ஹாஜ்," என்று சிரித்தாள். "சந்தோஷத்துல நாக்கு குழறுது." பிறகு பல்லிடுக்கில், "ரனீமுக்காகத்தான் இப்போ காப்பி குடிச்சிருக்கீங்க. கையை ஏந்தி ஃபாத்திஹா ஓதி நிச்சயத்தை முடிங்க!"

"எந்த ரனீம்?"

"அவர் பொண்ணு!"

அபூ கினான் திரும்பினார். அடுக்களை வாசலில் ரனீம் தட்டோடு நின்றாள், முகம் மாதுளை. கூடத்து வாசலில் கினான் நின்றான். புதுச் சட்டை, ஈரத் தலை, படிய வாரிய முடி. புழுதிக்குள் பதினான்கு புள்ளிகளைப் பிரித்துப் பார்த்த கண்கள், ஒரே படிக்கட்டில் மூன்று வருடமாக ஏறி இறங்கிய இந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்ததேயில்லை.

குடித்த காப்பியைத் திருப்பித் துப்ப முடியாது. அந்தப் பெண்ணைப் பார்த்தால் துப்பவும் தோன்றவில்லை. கையை ஏந்தினார். ஃபாத்திஹா ஓதி முடிந்தது. பத்து மீசைகளும் வரிசையாக வந்து அவர் இரண்டு கன்னத்தையும் உரசின. மறுநாள் அவருக்குச் சவரம் தேவைப்படவில்லை.

பிறகு பத்துப் பேரும் பத்துக் கைப்பேசிகளை உயர்த்தினார்கள். ரனீமையும் கினானையும் காணொளி எடுத்துக் கரக்குக்கு அனுப்பினார்கள். கரக்கிலிருந்து நூறு காணொளி திரும்பி வந்தது. அபூ கினானின் கண்முன் அவருடைய நாற்பத்தெட்டு ஜிபி மூச்சுத் திணறிச் செத்தது. மணி ஆறுக்கு இரண்டு நிமிஷம்.

கைப்பேசி ஒலித்தது. சங்கக் கூட்டம். திரையில் முப்பது முகங்கள். நடுவில் வக்தி, என்றுமில்லாமல் கோட்டும் சூட்டுமாக, முன்னால் ஒரு தட்டு நிறைய இனிப்போடு. ஜெயித்தவன் இனிப்பு வைக்கமாட்டானா பின்னே?

"மன்னிச்சுக்கோங்க, சகோதரர்களே," என்றார் அபூ கினான். "மூணு வருஷ உழைப்பு. உங்க யாருக்கும் வந்து சேரலை. வக்தி, நீ ஜெயிச்சுட்டே. உன் காகிதத்தையே மலர்ல போட்டுக்கோ."

முப்பது முகங்களும் சிரிப்பில் குலுங்கின. மோன்ஸெஃப் திரையை விட்டே வெளியே விழுந்துவிட்டார். வக்தி ஒரு இனிப்பை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

"காகிதத்தைக் கிழிச்சுப் போட்டாச்சு, யா பாஷா. உன் படம் நேத்தே எல்லாருக்கும் வந்து சேர்ந்துடுச்சு, பதினாலும் பத்திரமா இறங்கினதை நாலு தடவை பார்த்துட்டோம். அப்பா மூணாவது மாடியில காப்பி குடிக்கிற வரைக்கும் வேகத்தைக் குறைச்சுச் சொல்லிட்டே இருங்கன்னு உன் பையன்தான் எங்க காலைப் பிடிச்சான்!"