கறுப்புப் பட்டையை விட்டு இறங்கிய கால்

குன்னத்துகால்,
செவ்வாய்க்கிழமை.

என் அம்மாவின் மூத்த அண்ணனும் நம் சபையின் செயலாளருமான ஈசாக் மாமாவுக்கு ரெஜிலா மரியாதையுடன் எழுதுவது. விமானத்தின் பிளாஸ்டிக் மூடியை மிதித்து உடைத்தது நீங்கள். இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே மாமியும் லிஜியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

மூன்று நாளாக ஃபோனை எடுக்காததால் கடிதம். அம்பூரி ரப்பர் தோட்டக்காரர் வீட்டுக்குக் கல்யாண ஆலோசனைக்காக என்னைப் பற்றி எழுதிக் கொடுத்த தாளில் ‘விமான எஞ்சினியர்’ என்று போட்டீர்கள். மூடி உடைந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில், "அவ அங்க பக்கெட்டு ஒட்டுதாளாக்கும்" என்றீர்கள். இரண்டும் பொய். சின்ன விமானங்களில் வெடித்த பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, தேய்த்து, சாயம் அடிக்கிறேன். ஏறுகிறவர்கள் கால் வைக்க இறக்கையில் ஒரு கறுப்புப் பட்டை உண்டு. தேய்ந்துபோனால் அதைச் சுரண்டி எடுத்து, மணல் கலந்த சாயத்தை மறுபடி பூசுகிறேன். நனைந்த ஷூவோடு ஏறினாலும் வழுக்கக் கூடாது என்பதற்காக அது உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். நீங்கள் ஏறிய அந்த நாலு இருக்கை விமானம் நான் தனியாக முடித்த முதல் வேலை.

எங்கள் பணிமனைக்கு வந்து அதைப் பாருங்கள் என்று கூப்பிட்டேன், அது என் தப்பு. பார்க்கத்தான் கூப்பிட்டேன், நீங்கள் வேன் பிடித்துப் பதினாலு பேரோடு வந்து இறங்கினீர்கள், புது ஆட்டோவுக்கும் புது டிப்பருக்கும் ஜெபம் செய்கிற நம் ஊரில் விமானத்தை மட்டும் எப்படி விடுவது என்றீர்கள், தலைமை எஞ்சினியர் விமலகுமாரி மேடம் அஞ்சு நிமிஷம்தான் என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குள் போனார், அதற்குள் நீங்கள், "செருப்ப களத்துங்க, ஜெபம் பண்ணுத இடமாக்கும்" என்று எல்லாரையும் வெறுங்காலாக்கிவிட்டு, விமானத்தின் தலையில் கை வைத்தே தீரணும் என்று இறக்கையில் ஏறினீர்கள். செருப்பு போட்டு ஏற வேண்டிய இடம் அது ஒன்றுதான் மாமா. ரெண்டு அடி வைத்ததும் உள்ளங்கால் எரிந்தது. "கறுப்புல கால வச்சா அறுக்குது மக்கா, நான் வெள்ளையில நிக்கேன்" என்றீர்கள். அங்கே மிதிக்காதே என்று எழுதியிருக்கிறது மாமா என்றேன். "அது பைலட்டுக்கு உள்ளதாக்கும்" என்று சொல்லி, பட்டையை விட்டு இறங்கி, இறக்கையும் உடலும் சேரும் இடத்தை மூடியிருக்கிற பிளாஸ்டிக்கில், நான் ஒட்டிய இடத்திலேயே, எண்பத்தெட்டு கிலோவையும் ஊன்றி நின்று ஜெபத்தைத் தொடங்கினீர்கள். இந்தியாவின் எல்லை வீரர்கள் வரைக்கும் ஜெபம் போய்விட்டது. அடுத்து இலங்கைக்காக ஜெபிக்கத் தொடங்கும்போது உங்கள் காலடியில் படாரென்று கேட்டது.

மேடம் ஓடிவந்து யார் மிதித்தது என்று மலையாளத்தில் கேட்டார். பதினாலு பேரும் கண்ணை மூடியிருந்தார்களாம். நீங்கள் அதற்குள் கீழே இறங்கி நின்றீர்கள். மாமாதான் என்று நான் சொன்னதும் எல்லார் முன்னாலும் திரும்பி, "ஜெப நேரத்துல நீ கண்ணத் தொறந்தா வச்சிருந்த?" என்று கேட்டீர்கள். உடைத்தவரை விட்டுவிட்டு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் அம்மாவும்தான். ஆமாம், திறந்துதான் வைத்திருந்தேன். ஒட்டின கை என் கை, மிதிக்கிற காலை அது பார்க்கத்தான் செய்யும். சபையில் பொம்பளைப் பிள்ளை கண்ணைத் திறந்தால் குற்றம், செயலாளர் எதை மிதித்தாலும் ஜெபம். இந்தக் கணக்கை இனி நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் மூடி எப்படி உடைந்தது என்று எழுத்தில் வராவிட்டால் என் ஒட்டு தானாக விட்டுப்போனதாக முடிவு செய்து, என்னை வேலையிலிருந்து நிறுத்துவார்கள். ‘நான் மிதித்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அவ்வளவுதான்.

மாமியின் முட்டுவலி குறையட்டும். லிஜி பரீட்சையில் தேறட்டும். உங்கள் உள்ளங்கால் கீறலும் ஆறட்டும். ஆறுவதற்கு முன் அதை ஒரு ஃபோட்டோ எடுத்து வையுங்கள்.

தங்கள் மருமகள்,
ரெஜிலா

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மேடம் ஃபோனில் கூப்பிட்டார். மூடியைக் கழற்றிப் பார்த்தார்களாம். பழைய விரிசல் மேற்கொண்டு ஓடாமலிருக்க அதன் நுனியில் சின்னத் துளை போட்டு நிறுத்திவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். நான் போட்ட துளை நுனிக்கு ரெண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. நீங்கள் ஏறாவிட்டாலும் ஒருநாள் பறக்கும்போது அது பிளந்திருக்கும். உங்கள் கால் அதைத் தரையிலேயே பிளந்துவிட்டது. இதை ஒரு தாளில் எழுதி, நான் கையெழுத்துப் போட்டு, இத்துடன் வைத்திருக்கிறேன். வேலை இருக்குமா என்று தெரியாது. என் கையெழுத்துக்குக் கீழே பாதித் தாள் காலியாக இருக்கிறது. கடிதம் கொண்டுவரும் அம்மா கையில் பேனாவும் கொடுத்துவிட்டிருக்கிறேன். நீங்கள் எழுதும்வரை உங்கள் வாசலை விட்டுப் போக மாட்டாள். மிதித்தீர்களா, இல்லையா? எழுதுங்கள் மாமா.