மூன்றாவது கை

கெய்ரோவில் கார் ஓட்ட மனிதனுக்கு மூன்று கைகள் வேண்டும். இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்து மனித குலத்துக்கு வழங்கிய பெருமை 'கையியக்க வாகன ஓட்டுநர் தகுதி ஆய்வுக் குழு'வையே சாரும். அந்தக் குழுவில் குறிப்பெழுதும் பாக்கியம் பெற்றவன் நான். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் இப்பேர்ப்பட்ட அறிவாளிகளுக்கு மத்தியில் உட்கார்ந்து டீ குடிக்கிறேனே, அது போதாதா?

குழுவில் இருவர். தலைவர் டாக்டர் ஷவ்கத், எலும்பு மருத்துவர். இன்னொருவர் போக்குவரத்துப் போலீஸ் கர்னல் முக்தார். அவரை மரியாதைக்கு எல்லோரும் 'பாஷா' என்போம். கால் வராதவர்கள், பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் கையாலேயே போடும்படி காரில் ஒரு கைப்பிடி பொருத்திக்கொண்டு வருவார்கள். அவர்கள் ஓட்டலாமா கூடாதா என்று இந்த இருவரும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கூடாது என்பார்கள். பொதுமக்கள் உயிர்மேல் அவ்வளவு அக்கறை.

ஒருநாள் வந்தவர் இன்ஷிராஹ் டீச்சர். ஷுப்ரா பேட்டையில் வீடு வீடாகப் போய்க் கணக்கு டியூஷன் எடுப்பவர். சின்ன வயதில் போலியோவில் இரண்டு கால்களும் போய்விட்டன. பரீட்சைக் காலம் நெருங்குகிறது. சக்கர நாற்காலியைக் கண்டாலே டாக்ஸிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இந்தப் பருவத்தில் போகாவிட்டால் பிள்ளைகள் வேறு டீச்சரிடம் போய்விடுவார்கள், அப்புறம் அடுப்பு எரியாது என்று சொன்னார். தலைவர் மிகுந்த பரிவோடு கேட்டுக்கொண்டார். கேட்டபடியே போனில் மாமியாருக்குப் பதில் எழுதினார். அன்று மதியம் மாமியார் வீட்டில் முயல்கறியும் முலூக்கியாக் கீரையும்.

டீச்சரின் காரைப் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார். உணர்வில்லாத கால் தவறிப்போய்ப் பெடலில் படக்கூடாதல்லவா? அதனால் போகும்முன் பெடல்களைத் தகடு போட்டு மூடிப் பூட்டியிருந்தார். எங்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டு டீச்சர் கிளம்பினார். இடது கை கைப்பிடியில், வலது கை ஸ்டீயரிங்கில். கார் அலுங்காமல் போனது. அத்தபா சதுக்கத்தில் ஒரு மினிபஸ் சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கே பாய்ந்தது. டீச்சர் கைப்பிடியை அமுக்கினார், கார் நின்றது, ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பாஷா பதறிவிட்டார்.

"என்ன டீச்சர், அவனுக்குக் கை காட்டலையே?"

"பிரேக் போட்டேனே, பாஷா."

"பிரேக் யார் வேணா போடுவாங்கம்மா. கை யாரு காட்டுறது?"

ஐந்து விரல்களையும் குவித்து ஜன்னலுக்கு வெளியே மெல்ல ஆட்டினால், 'பொறு' என்று அர்த்தம். வேகமாக ஆட்டினால், 'பொறு, உன்னை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன்' என்று அர்த்தம். இதைக் காட்டாமல் இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவரை ஊமை என்றுதான் நினைப்பார்கள். கடைசியில் பாஷாவே ஜன்னலை இறக்கி, தன் சொந்தக் கையை நீட்டி, மினிபஸ்காரனுக்கு ஆட்டிக் காட்டினார். கடமை உணர்ச்சி என்றால் அது.

திரும்பி வந்ததும் வளாகத்தில் எங்கே நிறுத்துவது என்று டீச்சர் கேட்டார். ஊனமுற்றோருக்கென்று நிழலில் ஒதுக்கிய இடத்தில் ஏற்கனவே ஒரு பெரிய கார் நின்றது. அதற்குப் பின்னாலேயே நிறுத்தும்படி பாஷா உத்தரவிட்டார். பிறகு குழு கூடியது. தலைவர் விளக்கினார்.

"ஸ்டீயரிங்குக்கு ஒரு கை, ஹாரனுக்கு ஒரு கை, பொறு சொல்ல ஒரு கை. உங்ககிட்ட இருக்கிறதே ரெண்டு டீச்சர். அதுல ஒண்ணு கால் வேலை பார்க்குது."

"எல்லாருக்கும் ரெண்டுதானே டாக்டர்?"

"அவங்க ஸ்டீயரிங்கை முழங்காலால பிடிச்சுக்குவாங்க. உங்களால முடியுமா?"

டீச்சர் கணக்குக்காரர் அல்லவா, முடியாது என்று உடனே ஒப்புக்கொண்டார். 'விண்ணப்பதாரர் முழங்காலால் ஓட்ட இயலாதவர். தகுதியில்லை' என்று எழுதினேன். டீச்சர் முகம் சுண்டிப்போனது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. டீயைக் குடித்துச் சமாளித்துக்கொண்டேன்.

முலூக்கியா ஆறுவதற்குள் போய்விட வேண்டுமென்று தலைவர் கீழே ஓடினார். நிழலில் நின்ற அந்தப் பெரிய கார் அவருடையதுதான். பின்னால் மறித்து நின்றது டீச்சருடையது. எங்கள் ஊரில் மறித்து நிறுத்துகிறவர்கள் வண்டியை நியூட்ரலில் விட்டுப்போவது மரியாதை, வேண்டியவர் தள்ளிக்கொள்ளலாம். டீச்சருடையதோ ஆட்டோமேட்டிக் கார், 'பார்க்'கில் போட்டு நின்றது, தள்ளினால் அசையாது. அவர் நாற்காலியை அதன் பக்கத்தில் நிறுத்தி உட்கார்ந்திருந்தார்.

"காரை எடுங்க டீச்சர், நேரமாச்சு."

"நான் எப்படி டாக்டர் எடுக்கிறது? எனக்குத் தகுதியில்லைன்னு இப்பத்தானே எழுதினீங்க."

சாவியைப் பணிவோடு பாஷாவிடம் கொடுத்தார். பாஷா ஏறினார். கால் வைக்க இடம் தேடினார். தகட்டின் சாவி பக்கத்து வீட்டுக்காரர் பையில் போய்விட்டதாக டீச்சர் வருத்தத்தோடு தெரிவித்தார். பாஷா துணிந்து கைப்பிடியைத் தொட்டார். கார் ஒரு துள்ளு துள்ளியது. நம்மால் ஆகாது என்று இறங்கிவிட்டார். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது.

டீச்சர் நாற்காலியை நகர்த்தி, தலைவர் காரின் ஜன்னல் வழியே உள்ளே பார்த்தார். அதிலும் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஒரு கைப்பிடி. கால் வராதவர்களுக்கென்று அந்தக் கைப்பிடியோடு இறக்குமதியாகும் காருக்குச் சுங்கவரி கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். தலைவரின் கோட்டு அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "அடடா, தெரியாமப் போச்சே டாக்டர். உங்களுக்கு எந்தக் கால்?" என்று கேட்டார்.

ஆய்வுக் குழு அங்கேயே அவசரமாகக் கூடியது. கார் பானெட்டின்மேல் வைத்து உரிமத்தில் கையெழுத்தானது. டீச்சர் அதை வாங்கி, ஒரு வரி விடாமல் நிதானமாகப் படித்தார். தலைவர் பொறுமையிழந்து ஹாரனை அடித்தார். டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஐந்து விரல்களையும் குவித்து மெல்ல ஆட்டிக் காட்டினார். பிறகு காரில் ஏறி ஷுப்ராவுக்குப் போய்விட்டார்.

கூட்டம் கலையவில்லை. அதனால் தலைவர் இறங்கி, காரைச் சுற்றி ஒரு நடை நொண்டிக் காட்டினார். எந்தக் கால் என்று தீர்மானம் நிறைவேறாததால் மாற்றி மாற்றி நொண்டினார். கெய்ரோவில் கார் ஓட்ட முழுத் தகுதி பெற்ற ஒரே மனிதரை அன்றுதான் நான் கண்ணால் கண்டேன். அவருக்கு நிஜமாகவே மூன்று கைகள். இரண்டு பிறவியிலேயே வந்தவை. மூன்றாவது, கால் வராதவர்களிடமிருந்து பிடுங்கியது. அதில்தான் கோட்டை மாட்டியிருந்தார்.