பிரேம் ரெடி, கவிதை பாக்கி

எழுத வேண்டிய வேலை ஒன்று எனக்குப் பாக்கி இருந்தால் எங்கள் வீடு பளிச்சென்று இருக்கும். மின்விசிறி இறக்கைகளில் தூசி இருக்காது. ஃப்ரிட்ஜுக்குள் போன வாரத்துச் சட்னி இருக்காது. சமையலறை டப்பாக்கள் உயர வரிசையில் நிற்கும். அம்பத்தூரில் எங்கள் அடுக்ககத்துக்கு வந்து போகிறவர்கள் என்னைச் சுறுசுறுப்பானவன் என்றே நம்புகிறார்கள். என் மனைவி தேவிக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். "ஷெல்ஃப் எல்லாம் தொடச்சு வச்சிருக்கீங்களே, எதுனா எழுதணுமா?" என்று கேட்பாள்.

சோம்பேறி வேறு, தள்ளிப்போடுகிறவன் வேறு. சோம்பேறி எந்த வேலையும் செய்யமாட்டான். தள்ளிப்போடுகிறவன் அந்த ஒரு வேலையைத் தவிர ஊரில் உள்ள எல்லா வேலையையும் செய்வான். நான் இரண்டாவது ரகம். (முதல் ரகமாக இருந்திருந்தால் கொஞ்சம் ஓய்வாவது கிடைத்திருக்கும்.)

என் தங்கை நித்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நடந்தது இது. ஆவடியில் அப்பா வீட்டுக் கூடத்தில் யார் என்ன சீர் செய்வது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். நித்யா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, நீ எனக்கு செயின், வளையல் எதுவும் வாங்க வேணாம். ஒரு வாழ்த்து மடல் எழுதிக் குடு. அது போதும்."

கல்யாண மேடையில் வாழ்த்து மடல் வாசிப்பது நம் ஊர் வழக்கம். மணமக்களைப் பாராட்டி ஒரு கவிதை எழுதி, அச்சடித்து, கண்ணாடி போட்டு, ஒலிபெருக்கியில் உருக்கமாக வாசித்து, கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு அது பீரோவுக்குப் பின்னால் போய்விடும். ஆனால் நித்யா அப்படி ஒப்புக்குக் கேட்கவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்கு நான் எழுதித் தருவதாகச் சொல்லி, தராமல், அவளாகவே ஏதோ பேசிவிட்டு வந்த கதை ஒன்று உண்டு. அதற்குப் பிறகும் அண்ணன் ஒரு கவிஞன் என்று நம்பிய ஒரே ஜீவன் அவள்தான். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று எனக்கே தெரிந்தது.

"பிரமாதமா எழுதிடலாம்" என்றேன். அந்தப் 'பிரமாத'த்தில்தான் வினை ஆரம்பித்தது.

பிரமாதமாக எழுத வேண்டுமென்றால் முதலில் புனைபெயர் வேண்டும். பாலு என்ற பெயரில் யாராவது காவியம் படைப்பார்களா? ஒரு வாரம் யோசித்து 'ஆவடி தென்றல்மாறன்' என்று வைத்துக்கொண்டேன். அப்பாவிடம் சொன்னதுதான் தாமதம், கல்யாணப் பத்திரிகையில் 'வாழ்த்து மடல் வாசிப்பவர்: கவிஞர் ஆவடி தென்றல்மாறன்' என்று போட்டுவிட்டார். சொந்தக்காரர்கள் பலர் அது யாரோ வெளி ஆள் என்று நினைத்தார்கள். பிறகு மைப் பேனா வாங்கினேன். அதற்கேற்ற தடித்த காகிதம் வாங்கினேன். ஓரத்தில் மயில் போடலாமா, வாழைமரம் போடலாமா என்று அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரையும் கேட்டேன். எல்லாம் தயாரானது, கவிதை தவிர.

அடுத்து பிரேம். குமணன்சாவடியில் ஒரு கடைக்குப் போய், தங்க நிறத்தில் பூ வேலைப்பாடு செய்த பெரிய பிரேம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கடைக்கார பாய் கையை நீட்டினார்.

"எழுத்து எங்க சார்? குடுங்க, உள்ள வச்சுத் தர்றேன்."

"இன்னும் எழுதிக்கிட்டிருக்கேன் பாய். பிரேமை மட்டும் குடுங்க."

"எல்லாரும் படத்த எடுத்துக்கினு பிரேமுக்கு வருவாங்க. நீங்க பிரேம எடுத்துக்கினு படத்துக்குப் போறீங்க" என்று சிரித்தார்.

அந்த பிரேமுக்குள் மாதிரிக்காக ஒரு படம் இருந்தது. கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அந்த அம்மா வெள்ளை கவுனில், கையில் செருப்போடு. அந்த ஆள் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பாய் பின்பக்கக் கிளிப்புகளைக் காட்டி, "இத நிமித்திட்டு, இவங்கள எடுத்துட்டு, உங்களுத வச்சுக்குங்க" என்று சொல்லி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தேவி, "முடிச்சுட்டீங்களா?" என்றாள்.

"முடிஞ்சுது. பிரேம்ல போட்டாச்சு. மேடையிலதான் பிரிக்கணும், யாரும் இப்பப் பார்க்கக் கூடாது."

இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. கொஞ்சம் முன்கூட்டியே சொல்லப்பட்ட உண்மை, அவ்வளவுதான். அவள் என்னை நம்பி, செய்தித்தாளைக்கூடப் பிரிக்காமல் அதன்மேல் பளபளப்பான காகிதம் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி வைத்துவிட்டாள்.

பூந்தமல்லியில் மண்டபம். மறுநாள் காலை முகூர்த்தம், முதல்நாள் மாலை வரவேற்பு. மத்தியானமே போய் மணமகள் அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதி, பிரேமைப் பிரித்து உள்ளே வைத்துவிடுவது என் திட்டம். காகிதமும் பேனாவும் பையில் இருந்தன. ஆனால் மண்டபத்துக்குள் நுழைந்த கணத்திலிருந்து எனக்குள் ஓர் உழைப்பாளி விழித்துக்கொண்டான். நாற்காலிகள் கோணலாக இருந்தன, நேராக்கினேன். வண்டிகள் கண்டபடி நின்றன, ஒழுங்குபடுத்தினேன். பன்னீர்ச் செம்பு காலியாக இருந்தது, நிரப்பினேன். சமையல்காரர் கேட்காமலே பஜ்ஜியில் உப்பு பார்த்தேன். அப்பா யாரிடமோ, "தங்கச்சி கல்யாணம்னதும் எப்படி ஓடியாடுறான் பாருங்க" என்று சொல்வது காதில் விழுந்தது. எனக்கே கண் கலங்கியது.

மெல்லிசைக் குழுவின் அறிவிப்பாளர், "இப்பொழுது கவிஞர் ஆவடி தென்றல்மாறன் அவர்கள்" என்று அழைத்தபோது நான் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தேன்.

மேடைக்குப் போய்ச் சேருவதற்குள் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். முதல் வரிசையில் அப்பா கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படமெடுக்கத் தயாராக இருந்தார். நித்யா பட்டுப்புடவையில் மாலையோடு நின்று, பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை சரவணனிடம், "எங்க அண்ணன் எழுதினது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லும் தைரியம் அத்தோடு போயிற்று. பிரேமை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மனதிலிருந்து சொல்லிவிடுவோம், யாருக்குத் தெரியப்போகிறது என்று முடிவு செய்தேன். தேவி ரிப்பனை அவிழ்த்து, காகிதத்தை உருவிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். கண்ணாடிக்குள் அந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தொண்டையைச் செருமினேன். "ஆவடியில் பூத்த அல்லியே" என்று ஆரம்பித்தேன். கைதட்டல். "எங்கள் வீட்டு முல்லையே" என்றேன். அதற்கும் கைதட்டல். தோட்டத்தில் இருந்த பூக்கள் தீர்ந்ததும் பறவைகளுக்குப் போனேன். ஒரு வரி முடிந்தால் பிரேமை உற்றுப் பார்ப்பேன், அடுத்த வரியை வாசிப்பதுபோல. இவ்வளவு சுலபமாக வருகிற கவிதைக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று எனக்கே வியப்பாக இருந்தது.

அப்போதுதான் கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. பின்வரிசையில் ஆரம்பித்து முன்னால் வந்தது. ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன். குரலை இன்னும் உயர்த்தி, ஒரு கையால் பிரேமைத் தட்டிக் காட்டி, "தமிழ்ப் பண்பாடு ததும்பும் இந்த முகங்களைப் பாருங்கள்" என்றேன். மண்டபமே அதிர்ந்தது. ஒரு தாத்தா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

திரும்பிப் பார்த்தேன். வீடியோ எடுப்பவர் எப்போதோ என் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டிருந்தார். மேடைக்கு இருபுறமும் வைத்திருந்த எல்.இ.டி. திரைகளில், ஆளுயரத்துக்கு, அந்த வெள்ளைக்காரத் தம்பதி கடல் அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். படத்தின் மூலையில் பிரேமின் அளவைச் சொல்லும் மஞ்சள் ஸ்டிக்கர்கூடத் தெளிவாகத் தெரிந்தது. (நல்ல கேமரா. குறை சொல்ல முடியாது.)

சரவணன் மெதுவாக என் காதருகே குனிந்தார். "இன்னா மச்சான், உங்க சைடு சொந்தமா?"

அவர் குமணன்சாவடியிலேயே பிறந்து வளர்ந்தவர். அண்ணனூரில் மின்சார ரயில்களைப் பராமரிக்கும் ஷெட்டில் வேலை. எந்த நேரத்திலும் முகம் மாறாமல் பேசுவார். நித்யாவும் முதலில் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். பிறகு பிரேமை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரு வரிகூட எழுதலையாண்ணா?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

மண்டபம் முழுக்கச் சிரித்தபோது வெட்கமாக இருந்தது. அவள் அதைக் கேட்டபோது அழுகை வந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. அப்பா அன்றிரவு என்னோடு பேசவில்லை. தேவி பேசினாள், அதைச் சொல்லாமல் விடுகிறேன்.

பிரேமை நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று கேட்டேன். நித்யா தரவில்லை. அண்ணனூர் வீட்டில் குடிபோன கையோடு அதைக் கூடத்துச் சுவரில், கதவைத் திறந்ததும் தெரிகிற மாதிரி மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் யார் இவர்கள் என்று கேட்டால், "எங்க அண்ணன் எழுதின கவிதை" என்பாள். சரவணன் அவர்களுக்கு ராபர்ட், ஸ்டெல்லா என்று பெயரும் வைத்துவிட்டார். சரஸ்வதி பூஜைக்கு அவர்களுக்கும் பொட்டு வைத்தார்களாம்.

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போட ஆரம்பித்தேன். (அதில் எனக்குப் பயிற்சி உண்டு.) அம்பத்தூரிலிருந்து அப்பாவைப் பார்க்க ஆவடிக்கு ரயிலில் போகும்போதெல்லாம் வழியில் அண்ணனூர் வரும். வண்டி நிற்கும்போது கைபேசியைப் பார்த்துக்கொள்வேன். எழுதாமலும் இல்லை. மனதுக்குள் தினமும் எழுதினேன். அவமானத்துக்கு ஈடுகட்ட வேண்டுமே, அதனால் அந்தக் கவிதை நாளுக்கு நாள் இன்னும் பிரமாதமாக ஆகிக்கொண்டே போனது, காகிதத்துக்கு வர முடியாத அளவுக்கு.

வளைகாப்புக்கு அழைக்க நித்யாவே போன் செய்தாள். "முன்னாடி நாள் வா. வேலை இருக்கு" என்றாள். பந்தல் வேலையாக இருக்கும் என்று உற்சாகமாகப் போனேன். கூடத்தில் ராபர்ட்டுக்கும் ஸ்டெல்லாவுக்கும் நேர் கீழே பாய் விரித்து, ஒரு வெள்ளைத்தாளும் சாதாரணப் பால்பாயிண்ட் பேனாவும் வைத்திருந்தாள்.

"உக்காருண்ணா. எழுது."

"நித்யா, இதுக்கெல்லாம் ஒரு மூடு வரணும்மா."

"மூடு வர வேணாம். நீ வந்தது போதும். நாலு வரி. நல்லா எழுதாத, சும்மா எழுது. எழுதினாதான் டீ."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி எல்லாம் நேராக இருந்தது. மின்விசிறியைப் பார்த்தேன், பாவிகள் துடைத்து வைத்திருந்தார்கள். டீ கொதிக்கிற வாசனை வந்தது. சரவணன் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காத்திருந்தார். நல்லா எழுதாத என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அல்லியும் அன்னமும் வரவில்லை. கை தானாக ஏதோ எழுதியது.

'நீ போன வீட்டில் விளக்கு எரியட்டும்.
சொன்னதைச் செய்யாத அண்ணன் ஒருவன்
ஒரு ஸ்டேஷன் தள்ளித்தான் இருக்கிறேன்.
கூப்பிடு, இனி உடனே வருகிறேன்.'

இதில் ஒரு ஸ்டேஷன் என்பதும் தப்பு. அம்பத்தூரிலிருந்து அண்ணனூர் ஒரு ஸ்டேஷன் இல்லை. சரவணன் வாங்கி ஒருமுறை படித்தார். ரயில்வேக்காரர் அல்லவா, அதைத்தான் முதலில் கண்டுபிடித்தார். இன்னொரு முறை படித்தார்.

"நல்லா இல்ல மச்சான்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா கீது" என்றார். (இருக்கிறது என்பதை அவர் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.)

நித்யா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிரேமைக் கழற்றி, கிளிப்புகளை நிமிர்த்தி, என் நாலு வரியை அந்தப் படத்துக்குப் பின்னால் வைத்து மூடினாள். படத்தை எடுத்துவிட்டுக் கவிதையை முன்னால் வைக்கக் கூடாதா என்று கெஞ்சினேன். "அவங்க இத்தனை நாளா எடத்தப் பாத்துக்கிட்டாங்கல்ல, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டீ எடுத்துவரப் போனாள்.

இன்றைக்கு அவள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். ராபர்ட் மாமா ஊரிலிருந்து எப்போது வருவார் என்று கேட்கிறாள். சரவணனின் தீர்ப்பு எங்கள் குடும்பத்தின் பொதுச் சொத்தாகிவிட்டது. தேவி வைக்கும் அவசர ரசத்துக்கும், அப்பாவின் புதுப் பல்செட்டுக்கும், என் ஸ்கூட்டருக்கும் அதே வாசகம்தான்: நல்லா இல்ல, ஆனா கீது. நானும் இப்போது எழுத உட்கார்ந்தால் அதைத்தான் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். எங்கள் மின்விசிறியில் தூசி சேர்ந்திருக்கிறது. தேவி அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாள்.

இந்தக் கட்டுரையை முடித்ததும் முதலில் நித்யாவுக்குத்தான் அனுப்பினேன். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது, ஒரே சொல்லில்.

"கீதுண்ணா."